தங்கைக்கு எடுத்த மீன் படங்கள்

என் தங்கை மடத்தில் சேரப் போன அன்று காலையில் என்னிடம் கடைசியாகப் பேசியது மீன்களைப் பற்றித்தான். தீனியை ஒரு சிட்டிகைக்கு மேல் போடக் கூடாது. தண்ணீரை மொத்தமாக மாற்றக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்துவிட்டுக் கொஞ்சம் ஊற்ற வேண்டும். படுக்கப் போகுமுன் தொட்டி விளக்கை அணைத்துவிட வேண்டும். பாடம் புரியாதபோது என் வகுப்புப் பிள்ளைகள் எப்படித் தலையாட்டுவார்களோ அப்படித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் மனதில் ஏறவில்லை. கீழே ஆட்டோ வந்து நின்றிருந்தது.

அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. தங்கை உள்ளே போய் அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டுத் தங்கை தானாகவே கைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நாங்கள் சாந்தோம்காரர்கள், கத்தோலிக்கர்கள். எத்தனையோ தலைமுறையாக அதே பங்கு, அதே கோயில், அதே கல்லறைத் தோட்டம். அப்பா இறந்த பிறகு அம்மா, நான், தங்கை மூவரும் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு பழைய குடியிருப்பின் மாடியில் இருந்தோம். அம்மா நர்சாக இருந்து ஓய்வுபெற்றவள். நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை என்னைவிடப் பத்து வயது இளையவள். பெருங்குடியில் ஒரு கம்பெனியில் கணினி வேலை. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், செங்கல்பட்டு தாண்டி இருக்கும் ஒரு அடைபட்ட மடத்தில் சேரப் போவதாகச் சொன்னாள். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்துகிற சிஸ்டர்களைப் போன்றவர்கள் அல்ல அங்கே இருப்பவர்கள். உள்ளே போனால் வெளியே வருவதில்லை. செபம், தோட்ட வேலை, பூசைக்கான அப்பம் சுடுவது, மீதி நேரம் மௌனம். போன் கிடையாது.

அம்மா தினமும் காலைப் பூசைக்குப் போகிறவள். பங்கில் யார் வீட்டுப் பெண் மடத்துக்குப் போனாலும் மனமாரச் சந்தோஷப்படுகிறவள். தன் மகள் என்று வந்தபோது அவளால் தாங்க முடியவில்லை. "கோயிலுக்குப் போன்னுதான் சொன்னேன் ஃபாதர். அங்கேயே இருந்துடுன்னு சொன்னேனா?" என்று பங்குச் சாமியாரிடமே ஒருமுறை கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு தங்கையைப் பற்றிப் பேசுவதையே அம்மா நிறுத்திவிட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டார் போய்ப் பார்க்கலாம் என்று மடத்தில் சொல்லியிருந்தார்கள். அம்மா கால் வலிக்கிறது என்றாள். நான் மட்டும் போனேன்.

முதல்முறை போனபோது அவளிடம் என்ன பேசுவதென்றே எனக்குத் தெரியவில்லை. பார்வையாளர் அறையின் நடுவே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை மரக் கிராதி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் அவள். தலையில் சின்ன முக்காடு. முகம் இளைத்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். அம்மா ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. பிறகு அவளே, "மீனெல்லாம் எப்படிக்கா இருக்கு?" என்றாள்.

நன்றாக இருக்கின்றன என்றேன்.

"கறுப்பு ஏஞ்சல் இன்னும் அந்தக் குழாய்ப் பக்கமேதான் நிக்குதா?"

எனக்குத் தெரியவில்லை. தொட்டியில் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு ஏஞ்சல் மீன்கள், ஓரமாக வடிகட்டியின் குழாய்; தீனி போட்டிருக்கிறேன், தண்ணீர் மாற்றியிருக்கிறேன், எது எங்கே நிற்கிறது என்று பார்த்ததில்லை. அவளோ ஆபீஸிலிருந்து வந்ததும் தொட்டிக்கு எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மீன்களைப் பார்த்தபடியே இரவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டவள். சோறு காய்ந்துபோகும்வரை உட்கார்ந்திருப்பாள். அம்மா சத்தம் போடுவாள். கிராதிச் சட்டங்களுக்கு நடுவே அவள் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். பிரிண்ட் போட்டுக் கடிதத்தோடு அனுப்பலாம், மடத்துத் தலைவி மதர் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள் என்றாள். சொல்லும்போதே சிரித்தாள். வீட்டை விட்டுப் போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

அன்று மாலையே என் போனில் எடுத்தேன். பழைய போன். சின்னத் திரையில் பார்க்க ஏதோ சுமாராக இருந்தது. பிரிண்ட் போட்டுப் பார்த்தால் நீலப் புகைக்குள் எதுவோ அசைவது போல இருந்தது. அப்போதுதான் தங்கையின் அலமாரியில் இருக்கும் கேமரா நினைவுக்கு வந்தது. முதல் சம்பளத்தில் தி. நகரில் வாங்கியது. உள்ளங்கைக்குள் அடங்கும், பொத்தானை அமுக்கினால் லென்ஸ் முன்னால் நீண்டு வரும். நல்ல போன்கள் வந்த பிறகு அதை அவளே மறந்திருந்தாள். துணிப் பையில் சார்ஜரோடு சுற்றி வைத்திருந்ததை எடுத்துச் சார்ஜ் போட்டேன். உயிர் இருந்தது. கார்டில் பழைய படங்கள் நிறைய இருந்தன. அவற்றைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் அன்றைக்கு ஒரு வேலையும் ஓடாது. கார்டைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன்.

முதல் நாள் எடுத்த படங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒவ்வொரு படத்தின் நடுவிலும் ஒரு பெரிய வெள்ளைப் பூ பூத்திருந்தது. அந்தப் பூவுக்குப் பின்னால் நைட்டியில் நான், எனக்குப் பின்னால் டிவி, டிவிக்கு முன்னால் அம்மாவின் பின்னந்தலை. மீன் எங்கேயோ ஓரத்தில் ஒரு கோடு. மடத்துக்கு அனுப்பக்கூடிய படமாக ஒன்றுமில்லை.

லஸ் பக்கம் ஒரு ஸ்டுடியோ. நடத்துகிறவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆல்பமும்தான் அவருக்கு வேலை. படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "டீச்சர், முதல்ல ஃப்ளாஷை நிறுத்துங்க. கண்ணாடி எதிர்ல ஃப்ளாஷ் அடிச்சா அது உங்களைத்தான் எடுக்கும்" என்றார். மீன் படம் தானும் எடுத்ததில்லை, எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்றும் சொன்னார். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன்.

ஃப்ளாஷை நிறுத்தினேன். வெள்ளைப் பூ போயிற்று, படம் இருண்டுவிட்டது. வெளிச்சம் போதாததால் கேமரா நிதானமாகப் படம் பிடிக்கிறது, அதற்குள் மீன் நகர்ந்துவிடுகிறது. மீன் நகராவிட்டால் என் கை நகர்ந்துவிடுகிறது. அப்போது எனக்குத் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுகள் வீட்டில் குவிந்திருந்தன. ஸ்டூலின் மேல் கட்டுகளை அடுக்கி, அதன் மேல் கேமராவை உட்கார வைத்தேன். உயரம் வேண்டுமென்றால் இன்னொரு வகுப்பின் கட்டு. கை ஆட்டம் நின்றது. தங்கை படிக்கும் காலத்தில் வாங்கிய மேசை விளக்கைத் தொட்டியின் கண்ணாடி மூடிமேல் கவிழ்த்து வைத்தேன். மேலிருந்து வெளிச்சம் விழுந்ததும் மீன்களுக்கு உடம்பு வந்தது.

அடுத்து கண்ணாடி. எங்கள் வீட்டில் கடல் காற்று எல்லாவற்றின் மேலும் ஒரு மெல்லிய உப்புத் தோலைப் போர்த்தி வைக்கும். கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்குத் தெரிந்தது. வெளிப்பக்கத்தை ஈரத் துணியாலும் பிறகு காய்ந்த துணியாலும் துடைத்தேன். உள்பக்கத்துப் பாசியைச் சுரண்டினால் தண்ணீர் கலங்கிவிடும்; ஆகவே அதைக் காலையிலேயே செய்துவிட்டு மாலையில் எடுத்தால் தெளிந்திருக்கும் என்று தெரிந்துகொண்டேன். படம் எடுக்கும்வரை காற்றுக் குமிழி மோட்டாரை நிறுத்தி வைத்தேன். கேமராவைச் சாய்வாக வைத்தால் மீன் வளைந்து தெரிந்தது. கண்ணாடிக்கு நேராக, முடிந்தவரை ஒட்டி வைத்தால்தான் மீன் மீனாக இருந்தது. பின்னால் ஒட்டியிருந்த நீலக் கடல் படத்தாளைக் கிழித்துவிட்டுப் பள்ளியிலிருந்து கறுப்பு சார்ட் பேப்பர் வாங்கி வந்து ஒட்டினேன். கறுப்பு ஏஞ்சல் அதில் கரைந்து காணாமல் போனது. மறுபடி கிழித்து, சாம்பல் நிறத்தில் ஒட்டினேன்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது, பொத்தானை எப்போது அமுக்குவது என்பது. அந்தச் சின்னக் கேமராவுக்கு யோசிக்க நேரம் வேண்டும். மீன் அழகாகத் திரும்பும்போது அமுக்கினால் அது போன பிறகு வெறும் தண்ணீரைப் பிடித்துக் கொடுக்கும். அதனால் பொத்தானைப் பாதி அமுக்கி, குழாய்ப் பக்கத்தைக் கூர்மைப்படுத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பேன். மீன் அங்கே வரப்போகிறது என்று தோன்றியதும் மீதியை அமுக்குவேன். அதற்கு மீனின் வழக்கம் தெரிய வேண்டும். கறுப்பு ஏஞ்சல் மெதுவாக முன்னால் வரும், கண்ணாடிக்குக் கொஞ்சம் முன்பே நிற்கும், பக்கவாட்டில் திரும்பும், மறுபடி குழாய்க்கே போகும். வெள்ளை ஏஞ்சல் அதைச் சுற்றும். சின்ன டெட்ரா மீன்கள் கூட்டமாகக் கீழே ஓடும். தங்கை கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். ஆமாம், குழாய்ப் பக்கமேதான் நிற்கிறது.

மாதா மாதம் நல்லதாகச் சிலவற்றைப் பொறுக்கி அனுப்பினேன். அவள் கடிதத்தில் தன்னைப் பற்றி நான்கு வரி இருக்கும், படங்களைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும். வெள்ளையின் வால் ஓரத்தில் ஒரு கீறல் இருந்ததே, ஆறிவிட்டதா? தண்ணீர் ஏன் பச்சையாக இருக்கிறது? கறுப்பின் கண் தெளியவில்லை அக்கா, கண் தெளிந்தால் எல்லாம் தெளிந்த மாதிரி இருக்கும். நான் மறுபடி ஸ்டூலின் முன் உட்காருவேன். பச்சையாக இருந்தது தண்ணீர் அல்ல, கேமரா வெளிச்சத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தது. சூரியன், மேகம், குண்டு பல்பு என்று அதில் இருக்கும் அடையாளங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, வெள்ளை ஏஞ்சல் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்தினேன். பிறகு கண்ணைக் குறிவைத்தேன். அவள் உட்கார்ந்த இடத்தில், அவள் உட்கார்ந்த ஸ்டூலின் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் பார்த்ததை அவளுக்கு அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நாள் ஒரு படமும் எடுக்காமல் சும்மா உட்கார்ந்துவிடுவேன். பெருங்குடியிலிருந்து அவள் பஸ் பிடித்து வந்து சேரும் நேரம் அதுதான். கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டால் இன்னமும் தலை திரும்பும்.

அம்மா இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. அவளுக்கு மாலையில் டிவி தொடர் இருந்தது. டிவியின் நிறங்கள் தொட்டிக் கண்ணாடியில் வந்து விழும்; அழுகிற கதாநாயகி வெள்ளை ஏஞ்சலின் மேல் மிதப்பாள். அம்மாவிடம் டிவியை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜனவரியில் ஒரு நாள், நான் கேட்காமலே அவள் ரிமோட்டை எடுத்து அணைத்தாள். கூடம் இருட்டானது. தொட்டி மட்டும் தனியாக ஒளிர்ந்தது. அப்போதும் என் வெளிர்நிற நைட்டி கண்ணாடியில் தெரிவதாக நான் முனகிக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்து உள்ளே போனாள். பெரிய வெள்ளிக்கிழமைக்கு மட்டும் கட்டுகிற கறுப்புச் சேலையை எடுத்து வந்து, பிரித்து, எனக்குப் பின்னால் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரையில் என் உருவம் மறைந்தது. கண்ணாடி இல்லாததைப் போல மீன்கள் நின்றன.

"நீ கஷ்டப்படறியேன்னு புடிக்கறேன். வேற யாருக்காகவும் இல்ல" என்றாள் அம்மா.

சரிம்மா என்றேன். அதன் பிறகு நான் ஸ்டூலைப் போட்டால் அம்மா சேலையோடு வந்துவிடுவாள்.

தவக்காலம் தொடங்கியது. மடத்தில் தவக்காலம் முழுவதும் யாரையும் பார்க்கவும் முடியாது, கடிதமும் உள்ளே போகாது. டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முன்பும் அப்படித்தான் இருந்தது; ஆனால் இது நீண்ட காலம். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு பள்ளிக்குப் போனேன். மாலை வந்து கேமராவை எடுத்தபோது, அனுப்ப முடியாத படத்தை எதற்காக எடுக்கிறோம் என்று இருந்தது. இருந்தாலும் எடுத்தேன். கண் தெளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். கண் தெளிந்துதான் இருந்தது. அதன் பின்னால், குழாயின் மேல், ஜவ்வரிசியை ஒட்டி வைத்தது போல வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன மணிகள்.

அம்மாவிடம் காட்டினேன். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்தாள், பிறகு தொட்டியைப் பார்த்தாள், பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"முட்டைடி" என்றாள்.

மந்தைவெளியில் தங்கை வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "முட்டை வெச்சிகீதாக்கா? அப்போ சின்ன மீனுங்கள வேற தண்ணிக்கு மாத்திடுங்க. இல்லாங்காட்டி ஒண்ணு விடாம துன்னுடும்" என்றார். பெற்றவையே தின்றாலும் தின்னும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்றார். டெட்ரா மீன்களைப் பிடித்து வாளிக்கு மாற்றினோம். குஞ்சுகள் உள்ளே இழுபடாமலிருக்க, வடிகட்டி தண்ணீரை உறிஞ்சும் இடத்தில் பஞ்சு கட்டினோம்.

அன்றிலிருந்து அம்மா வேறு ஆளாகிவிட்டாள். காலைப் பூசையிலிருந்து வந்ததும் காபிகூடக் குடிக்காமல் தொட்டியின் முன்னால் போய் உட்காருவாள். நான் பள்ளியிலிருந்து வந்தால் வார்டில் இரவுப் பணி முடித்த நர்ஸ் அடுத்தவளிடம் ஒப்பிப்பது போல ஒப்பிப்பாள். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி முட்டைகளின் அருகே நின்று துடுப்பால் விசிறுகின்றன. வெளுத்துப்போன முட்டையை வாயால் எடுத்து அப்பால் போடுகின்றன. "செத்ததை வெச்சிருந்தா மத்ததுக்கும் ஒட்டிக்கும். அதுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்களோ" என்று ஆச்சரியப்பட்டாள்.

படம் எடுப்பது முன்பைவிடச் சிரமமாக இருந்தது. குழாய் தொட்டியின் உள்ளே தள்ளி இருந்தது. கிட்டத்தில் எடுப்பதற்கென்று கேமராவில் இருக்கும் பூ அடையாளத்தைப் போட்டால் மிக அருகில் உள்ளதைத்தான் அது பிடிக்கும். அந்த அடையாளத்தை நீக்கிவிட்டு லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். கறுப்பு ஏஞ்சல் லென்ஸை எதிரி என்று நினைத்து ஓடி வந்து மோதும். அது மோதிவிட்டுத் திரும்பும் அந்தச் சின்ன இடைவெளியில் அமுக்க வேண்டும். அம்மா சேலையைப் பிடித்தபடி, "இப்ப, இப்ப" என்பாள். பெரும்பாலும் அவள் சொன்ன நேரம் சரியாக இருந்தது. அவள்தான் பகலெல்லாம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாளே.

பிறகு முட்டைகளில் வால் முளைத்துத் துடித்தது. எந்தப் படத்திலும் அது தெளியவில்லை. பாய் அதைத் திரையில் பார்த்துவிட்டு, துடிக்கிறது என்பது தெரிகிறதே, அப்படியே போடலாம் டீச்சர் என்றார். அப்படியே போட்டார். ஒரு வாரம் போல ஆனபோது, ஒரு மாலையில், குஞ்சுகள் குழாயை விட்டு எழும்பி நீந்தத் தொடங்கின. கண்ணுக்குத் தூசிதான். மேலிருந்து வந்த வெளிச்சத்தில் படத்தில் ஒன்றுமே தெரியவில்லை. மேசை விளக்கைத் தொட்டியின் பக்கவாட்டுக்கு நகர்த்திப் பார்த்தேன். சன்னல் வழியே வரும் வெயில் கீற்றில் தூசி மின்னுவது போல, குஞ்சுகள் அத்தனையும் சட்டென்று ஒளிர்ந்தன. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை, நடுவே அந்த மேகம். நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான். அதன் பிறகும் எத்தனையோ எடுத்திருக்கிறேன்; அதைப் போல ஒன்று அமையவில்லை.

அம்மா சேலையை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். கேமராத் திரை அணைந்துபோகும். பொத்தானை அமுக்கி மறுபடி பார்ப்பாள்.

"இதை அவ பாக்கணும்" என்றாள்.

தங்கை போன பிறகு அவளைப் பற்றி அம்மா பேசிய முதல் வார்த்தை அது. ஏதாவது சொன்னால் அதை அவள் திரும்ப எடுத்துக்கொண்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அடுத்த நாள் பாயிடம் போய்ப் பிரிண்ட் போட்டு வந்தேன். அம்மா அவற்றை வரிசைப்படி அடுக்கி ஓர் உறையில் போட்டு மேசைமேல் வைத்தாள். உறை அங்கேயே கிடந்தது. தவக்காலம் நகரவே இல்லை. இதற்கிடையே குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன. பெற்றவை தின்றனவா, தானாகச் செத்தனவா, தெரியவில்லை. ஒரு காலை பார்த்தபோது மேகம் போய், இங்கொன்றும் அங்கொன்றுமாக மிஞ்சியிருந்தன. எத்தனை மிஞ்சின என்று நான் கேட்டதற்கு, எண்ணாதே என்றாள் அம்மா.

ஈஸ்டர் முடிந்து வந்த பார்வை ஞாயிறன்று காலையில் நான் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். கைப்பைக்குள் உறை. கால் வலியைப் பற்றி நானும் கேட்கவில்லை. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினோம். செங்கல்பட்டு வரும்வரை அம்மா பையை மடியிலிருந்து கீழே வைக்கவில்லை.

பார்வையாளர் அறையில் அம்மா கிராதியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நான் சொல்லியிருக்கிறேன், சொல்வது வேறு, பார்ப்பது வேறு. சட்டத்தை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். உள்கதவு திறந்தது. தங்கை வழக்கம் போல என்னை எதிர்பார்த்து வந்தவள், அம்மாவைப் பார்த்ததும் அப்படியே கதவருகில் நின்றாள்.

"மீனு குஞ்சு பொரிச்சிருக்கு" என்றாள் அம்மா.

தங்கை வந்து கிராதியின் அருகே உட்கார்ந்தாள். கை நுழையாத இடைவெளி அது. ஒரு போட்டோ நுழையும். அம்மா உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். இது முட்டை வைத்த அன்று. இது விசிறும்போது. இது வால் முளைத்தது, கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். ஒவ்வொரு படமும் அந்தப் பக்கம் போகும்போது இருவரின் விரல் நுனிகளும் பட்டன. அம்மா அவசரப்படவில்லை. மேகப் படம் வந்ததும் தங்கை அதை முகத்துக்கு மிக அருகில் பிடித்து, அசையாமல் பார்த்தாள்.

"எப்படிக்கா எடுத்தே? கண்ணாடியே தெரியல."

"அம்மாதான் சேலையைப் புடிச்சாங்க" என்றேன்.

தங்கை அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன் தோளைத் தடவிக்கொண்டு, இன்னும் வலிக்கிறது என்றாள். அப்போது இரண்டு பேருமே அழுதார்கள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மணி அடித்ததும் தங்கை படங்களை அடுக்கி எடுத்துக்கொண்டாள். எல்லா சிஸ்டர்களும் சேர்ந்திருக்கும் நேரத்தில் காட்டுவேன், பிறகு மதரிடம் கொடுத்துவிடுவேன் என்றாள். முன்பு நான் அனுப்பியவை எங்கே என்று கேட்டேன். அவையும் மதரிடம்தான் என்றாள். இத்தனை மாதமாக என் படங்கள் அவள் தலையணைக்குப் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உனக்குன்னு ஒண்ணு வெச்சுக்கக் கூடாதா?" என்று அம்மா கேட்டாள்.

"இங்க எனக்குன்னு எதுவும் கிடையாதும்மா. பாத்துட்டேன்ல."

அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். அந்தச் சந்தோஷம்தான் எனக்கு வலித்தது. எழுந்து உள்ளே போகுமுன் திரும்பி, அடுத்த மாதமும் அனுப்பு அக்கா, குஞ்சுகளுக்கு எப்போது கோடு விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். கதவு மூடிக்கொண்டது.

திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லை. அம்மா சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுபடி கோபமோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் திரும்பினாள்.

"படத்தை எவ்ளோ கிட்ட வெச்சுப் பாத்தா, கவனிச்சியா?"

ஆசையில் அப்படிப் பார்த்தாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"ஆசை இல்லடி. கண்ணு தெரியல அவளுக்கு. உள்ள வெளிச்சம் பத்தாது போல. கண்ணாடி போடணும்."

மதருக்குக் கடிதம் எழுதினால் படிப்பார்களா என்று கேட்டாள். படிப்பார்கள் என்றேன். கண் டாக்டரை மடத்துக்கே வரவழைப்பார்களா என்று கேட்டாள். அது எனக்குத் தெரியவில்லை. எழுதிக் கேட்கலாம் என்றேன். அம்மா பையை இன்னும் நெருக்கமாக மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். மதிப்பிற்குரிய என்று தொடங்குவதா, அன்புள்ள என்று தொடங்குவதா, எடுத்த எடுப்பிலேயே கண்ணைப் பற்றி எழுதினால் குறை சொல்வது போல இருக்காதா என்று, தாம்பரம் வரும்வரை என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள்.